அம்மாவின் வருமானம் எவ்வளவு?

அமெரிக்காவில் வளர்ந்த நமக்கு 18 வயது ஆனதும் வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரைகளில் ஒன்று, "கிரெடிட் ஸ்கோரைக் கெடுத்துக்காதே" என்பது. பெரும்பாலும் அப்பாதான் சொல்வார். அம்மாவின் ஸ்கோர் எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. பிள்ளை வளர்த்து, சமைத்து, மாதச் செலவுக் கணக்கையும் பார்க்கும் ஒருவருக்கு அவர் பெயரிலேயே கடன் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் 50 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொல் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1970-களின் தொடக்கத்தில் திருமணமான ஒரு பெண் கடையில் கடன் கணக்கு தொடங்கப் போனால் கணவரின் கையெழுத்து கேட்பார்கள். கார்டும் "மிஸஸ்" போட்டுக் கணவர் பெயரில்தான் வரும். வேலைக்குப் போகும் மனைவியின் சம்பளத்தைக்கூட வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் முழுதாக எண்ணவில்லை. குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாள் என்பது அவர்கள் கணக்கு. குடும்பக் கட்டுப்பாடு பற்றி மருத்துவரின் கடிதம் கேட்ட இடங்களும் உண்டு. நம்ப முடிகிறதா! கணவர் இறந்தாலோ விவாகரத்து ஆனாலோ, ஒழுங்காகக் கட்டிய பில்களின் பெருமை எல்லாம் கணவர் பெயரோடு போய்விடும். மனைவி பெயரில் ஒரு வரிகூட இருக்காது.

இதை மாற்றிய சட்டத்தில் லிண்டி பாக்ஸ் என்பவருக்கு ஒரு பங்கு உண்டு. லூசியானாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அவருடைய கணவர் ஹேல் பாக்ஸ் பயணம் செய்த விமானம் 1972-இல் அலாஸ்காவில் காணாமல் போனது. அவருடைய தொகுதியில் நின்று 1973-இல் லிண்டி சபைக்கு வந்தார். வங்கிக் குழுவின் முன் வந்த கடன் மசோதாவின் வரைவில் பெண்களைப் பற்றியோ மணமானவரா இல்லையா என்பதைப் பற்றியோ எதுவும் இல்லை. லிண்டி அந்தச் சொற்களைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்து, நகல் எடுத்து, குழுவில் எல்லோருக்கும் கொடுத்தார். கவனக்குறைவால்தான் விட்டுப் போயிருக்கும் என்று மரியாதையாகச் சொன்னாராம். 1974 அக்டோபர் 28 அன்று அதிபர் ஃபோர்டு சம கடன் வாய்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1977-இலிருந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து பயன்படுத்தும் புதிய கணக்குகளின் விவரம் இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்ற விதியும் வந்தது.

ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார் என்பதுதான் இந்தச் சட்டத்தின் சாரம். நல்ல விஷயம். ஆனால் வீட்டு வேலைக்குச் சம்பளம் இல்லை. தனி மனிதராகப் பார்த்தால் அம்மாவின் வருமானம் பூஜ்யம். நீண்ட காலம் இது பெரிய பிரச்சினையாகவில்லை. விண்ணப்பத்தில் "குடும்ப வருமானம்" என்ற கட்டம் இருந்தது, கணவரின் சம்பளத்தை அதில் எழுதினார்கள்.

2009-இல் கிரெடிட் கார்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் கார்டு சட்டம் வந்தது. அப்போது கல்லூரி வளாகங்களில் டி-ஷர்ட் கொடுத்து மாணவர்களிடம் கார்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, 21 வயது நிறையாதவர் கடனைத் "தனித்து" அடைக்கும் வழியைக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. பெரியவர்களுக்கான பிரிவில் அந்தச் சொல் கிடையாது. அடைக்கும் திறன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் ஃபெடரல் ரிசர்வ் 2011-இல் விதிகளைத் திருத்தியபோது "தனித்து" என்பதை எல்லா வயதினருக்கும் பொருத்திவிட்டது. குடும்ப வருமானத்தை மட்டும் கேட்டுக் கார்டு கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. கோடு எழுதுகிறவர்களுக்கு இந்த வகைத் தவறு நன்றாகத் தெரியும். ஒரு இடத்துக்கென்று எழுதிய நிபந்தனையை அப்படியே காப்பி செய்து இன்னொரு இடத்தில் ஒட்டினால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் ஆனது இது. 2012-இல் நியூ ஜெர்சியில் ஒரு கடையில் அம்மா கார்டுக்கு விண்ணப்பித்தார். "உங்கள் சொந்த வருமானம்?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். கார்டும் இல்லை. இத்தனைக்கும் பத்துப் பன்னிரண்டு மாமிகளைச் சேர்த்து வருடக்கணக்காகச் சீட்டு நடத்தியவர் அம்மா. யாருக்கு அவசரமோ அவர் முதலில் எடுப்பார், பிறகு மாதாமாதம் கட்டிவிடுவார். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அந்த நாணயத்தை எந்த கிரெடிட் நிறுவனமும் குறித்துவைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், டெக்சஸில் இருக்கும் என் சித்தியின் நிலை வேறு. டெக்சஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் வரும் சம்பளம் சட்டப்படியே இருவருக்கும் சொந்தம். அப்படிச் சட்டம் உரிமை கொடுத்தால் அந்த வருமானத்தை எண்ணலாம் என்று அந்த விதியே சொன்னது. நியூ ஜெர்சியில் அப்படி இல்லை. அக்கா தங்கை இருவரும் இல்லத்தரசிகள்தான், ஆனால் ஒருத்திக்குக் காட்ட வருமானம் உண்டு, இன்னொருத்திக்கு இல்லை.

இன்னும் மோசமாக மாட்டிக்கொண்டவர்கள் எச்-4 விசாவில் வந்த பெண்கள். உங்களில் சிலருடைய அம்மாவோ அத்தையோ அப்படி வந்திருக்கலாம். 2015 மே மாதம் அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைக்கும் வரை, வேலைக்குப் போகாதே என்றது குடிவரவுச் சட்டம். உன் சொந்தச் சம்பளம் எங்கே என்றது கடன் விதி.

கணவர் கார்டில் கூடுதல் பயனராகச் சேரலாமே என்று நீங்கள் கேட்கலாம். சேரலாம்தான். ஆனால் அது கணவரின் கணக்கு, அவர் நினைத்தால் ஒரு ஃபோன் காலில் நீக்கிவிடலாம். கொடுமைக்காரக் கணவனை விட்டு வெளியேற நினைக்கும் பெண்ணுக்கு இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு தாய் இணையத்தில் மனு தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அதற்குள் இந்த விதிகளின் பொறுப்பு சி.எஃப்.பி.பி. என்ற புதிய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்குப் போயிருந்தது. வெளியே வேலைக்குப் போகாத மணமானவர்கள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் என்று அது கணக்குச் சொன்னது. 2013 ஏப்ரலில் விதியைத் திருத்தி, 21 வயது நிறைந்தவர் தனக்குக் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வருமானத்தைக் காட்டலாம் என்றது. கணவரின் சம்பளம் கூட்டுக் கணக்கில் விழுந்தால் எண்ணலாம். அவர் தவறாமல் மனைவியின் கணக்குக்குப் பணம் அனுப்பினாலும், மனைவியின் செலவுகளை வழக்கமாக அவர் சம்பளமே பார்த்துக்கொண்டாலும் எண்ணலாம். வீட்டில் இருக்கும் அப்பாக்களுக்கும் இதே விதிதான்.

ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. கைப்பிடியே இல்லாத ஒரு கணக்கில் கணவரின் சம்பளம் போய், மனைவியின் செலவுக்கும் அதிலிருந்து எதுவும் வராவிட்டால், அதை எண்ண முடியாது. இந்தக் கார்டு யாருக்கு மிகவும் தேவையோ, அந்தப் பெண்ணின் நிலைமை பெரும்பாலும் அதுதான்.

உங்களுக்கு 21 ஆகவில்லை என்றால் அந்தப் பழைய "தனித்து" உங்களுக்கு இன்றும் உண்டு. பகுதிநேர வேலைச் சம்பளத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அடைக்கும் வசதியுள்ள, 21 நிறைந்த ஒருவரைச் சேர்ந்து கையெழுத்திடச் சொல்லுங்கள். வங்கி அதற்கு ஒப்புக்கொண்டால், அது அம்மாவாகவும் இருக்கலாம்.