காத்திருக்கும் காலமும் கல்லீரல் நோயாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்லீரல் மாற்றுச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணர்தம் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1963ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்ராசல் மேற்கொண்ட முதல் முயற்சி ஒரு குழந்தையின் மரணத்தில் முடிந்தது. 1967இல் அவரிடம் மாற்றீரல் பெற்ற மற்றொரு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்தின் வருகையையடுத்து, 1983இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய மாநாடு இச்சிகிச்சையை ஏற்கத்தக்கதென அங்கீகரித்தது. எனினும், கத்தி உடலைத் தீண்டுமுன் நோயாளர் காத்திருக்கும் மாதங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அம்மாதங்களில் அவர் எதை உண்டார், எவ்வளவு நடந்தார் என்ற வினாக்கள் நெடுங்காலம் மருத்துவத்தின் ஓரத்திலேயே கிடந்தன. அவை மையத்துக்கு வந்தவாற்றை ஆராய்ந்து, மண்டூர் போன்ற தொலைவூர்களுக்கு அதனால் விளையக்கூடிய பயனைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உணவை நோக்குவோம். 1893இல் இரஷ்யாவில் பவ்லோவும் அவருடன் பணியாற்றியோரும், குடலிலிருந்து வரும் குருதியை ஈரலுக்குச் செல்லவிடாது திருப்பிவிட்ட நாய்கள் இறைச்சி உண்டதும் மயக்கமுறுவதைக் கண்டனர். புரதம் ஈரல் நோயாளருக்கு நஞ்சு என்னும் எண்ணத்துக்கு இதுவே வித்தாயிற்று. 1941இல் நியூயோர்க்கில் பற்றெக் என்பவர், சத்துமிக்க உணவால் சிரோசிஸ் என்னும் ஈரல் இறுகும் நோயுற்றோர் தேறுவதை எடுத்துக் காட்டினார். ஆயினும், 1950களின் தொடக்கத்தில் பொஸ்ரன் நகர ஆய்வுகள் புரதத்துக்கும் ஈரல் சார்ந்த மயக்கத்துக்குமுள்ள தொடர்பை வலியுறுத்தவே, பற்றெக்கின் குரல் அமுங்கிற்று. மீனும் முட்டையும் பருப்பும் நோயாளரின் தட்டிலிருந்து விலக்கப்பட்டன.

இதன் விளைவு யாது? உடலில் சேரும் அமோனியாவை அகற்றுவதில் ஈரலுக்குத் துணைநிற்பது தசையாகும். புரதம் குறையத் தசை கரையும். தசை கரைய அமோனியா பெருகும். மயக்கத்தைத் தடுக்க விதிக்கப்பட்ட பத்தியம் மயக்கத்துக்கே வழிகோலியது எனலாம். 1983இல் வெளியான ஓர் ஆய்வு, சிரோசிஸ் நோயாளருக்கு ஓரிரவுப் பட்டினி, நலமுள்ளோரின் இரண்டு மூன்று நாட் பட்டினிக்கு ஒப்பாவதைக் காட்டிற்று. ஈரலிலே சேமிப்புக் குன்றியமையால் உடல் தன் தசையையே எரிக்கின்றது. 2004இல் பார்சிலோனாவிலிருந்து வெளிவந்த ஆய்வு, மயக்கமுற்ற நோயாளருக்கும் வழமையான அளவு புரதம் கொடுப்பதால் தீங்கில்லை என நிறுவியது. 2008இல் ஓக்லாந்து ஆய்வாளர், படுக்கைக்குமுன் அளிக்கப்படும் சத்துணவு உடற்புரதத்தைப் பெருக்குவதைக் கண்டனர். இன்று உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் விதந்துரைக்கப்படுகிறது.

ஓய்வு பற்றிய கருத்தும் இவ்வாறே மாறியது. கொரிய யுத்த காலத்தில் ஈரல் அழற்சியுற்ற அமெரிக்கப் படைவீரரைக் கொண்டு நடத்தப்பட்டு 1955இல் வெளியான ஆய்வு, கட்டாயப் படுக்கை ஓய்வினால் தனிநன்மை இல்லையென்பதைப் புலப்படுத்தியது. நாட்பட்ட நோயுற்றோர் விடயத்தில் அச்சம் நீடித்தது. உடற்பயிற்சியின்போது ஈரலுக்குச் செல்லும் பெருநாளத்தின் அழுத்தம் உயர்வதாக 1996இல் அறியப்பட்டமை அவ்வச்சத்தை வலுப்படுத்தியது. ஆனால் 2016இல் மெக்சிக்கோவில் 14 வாரங்கள் மேற்பார்வையுடன் பயிற்சி பெற்றோரிடம் அவ்வழுத்தம் குறைந்தே காணப்பட்டது. ஒருவேளைப் பயிற்சியின் விளைவும் தொடர்பயிற்சியின் விளைவும் வேறுவேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது அளவுகோலின் வரலாறாகும். 1964இல் சைல்ட், ரேர்க்கொற் ஆகிய இருவரும் ஈரல் நோயின் கடுமையை மதிப்பிட வகுத்த ஐந்து அளவைகளுள் நோயாளரின் ஊட்டநிலையும் ஒன்றாயிருந்தது. 1973இல் பியூ என்பவரும் அவர்தம் குழுவினரும் அதனை நீக்கி, குருதி உறையும் நேரத்தை அவ்விடத்தில் வைத்தனர். 2002இல் அமெரிக்காவில் ஈரல் பங்கீட்டுக்கு ஏற்கப்பட்ட மெல்ட் என்னும் புள்ளிமுறை ஆய்வுகூட எண்களையே முற்றாகச் சார்ந்திருந்தது. கண்ணால் மதிப்பிடும் ஊட்டநிலை ஆளுக்காள் வேறுபடும். ஆய்வுகூட எண் அவ்வாறு வேறுபடாது. பங்கீட்டில் நீதி வேண்டிச் செய்யப்பட்ட மாற்றமே இது. ஆயினும், மெலிந்த கையும் தளர்ந்த நடையும் ஏட்டிலிருந்து மறைந்தன. 2017இல் சன்பிரான்சிஸ்கோ ஆய்வாளர் கைப்பிடி வலிமை, கதிரையிலிருந்து ஐந்துமுறை எழுந்தமரும் நேரம், நிற்கும் சமநிலை என்ற மூன்றாலும் தளர்ச்சியை அளக்கும் முறையை வகுத்தபோது, நீக்கப்பட்ட உடல் எண்ணாகத் திரும்பி வந்தது. அளக்கப்படாதது பேணப்படுவதில்லை என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

அளக்கத் தெரிந்தபின் எழுந்த இடர் தூரம். மாற்றுச் சிகிச்சை நிலையங்கள் சிலவே. நோயாளரோ நாடெங்கும் பரந்துள்ளனர். ஆகவே வீட்டிலிருந்தே பயிற்சி செய்யும் திட்டங்கள் பிரித்தானியாவின் பேர்மிங்காமில் முயலப்பட்டன. 2020இல் பிற்ஸ்பேர்க் ஆய்வாளர் கைத்தொலைபேசிவழிப் பயிற்சி முறையொன்றை வெளியிட்டனர். அவ்வாண்டின் கொள்ளைநோய் இம்முயற்சிகளின் தேவையை எல்லோர்க்கும் உணர்த்திற்று.

இலங்கையில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்பு மாற்றுக்குச் சட்டவழி வகுத்தது. ஈரல் மாற்றுச் சிகிச்சை கொழும்பிலும் றாகமையிலும் வேரூன்றியது. மண்டூரோ மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ளது. எதிர்க்கரையிலுள்ள குருமண்வெளிக்குச் செல்ல இவ்வூரார் தலைமுறைகளாகப் பாதையிலேறி வாவி கடந்தனர். கொழும்போ முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. அங்கு மாதந்தோறும் சென்றுவருவது மெலிந்த உடலுக்குத் தண்டனையே. வயலை நம்பிய குடும்பத்துக்கு அது கடனுமாகும். சத்திரசிகிச்சைக் கூடத்தை வாவி கடத்திக் கொணர இயலாது. அறிவுரையைக் கொணர இயலும். கதிரையும் கடிகாரமும் இருந்தால் வீட்டிலேயே எழுந்தமர்ந்து நேரத்தைக் குறிக்கலாம். அதனை மருத்துவர் தொலைவிலிருந்தே கேட்டறிந்து வழிப்படுத்தலாம்.

உணவிலும் அயலாரின் பட்டியல் வேண்டியதில்லை. வாவி மீனும் எருமைத் தயிரும் முட்டையும் பயறும் இப்பிரதேசத்தின் செல்வங்கள். வயிற்றில் நீர் கோத்தோர் கருவாட்டின் உப்பை அஞ்ச வேண்டும். நன்கு வேகாத நண்டையும் இறாலையும் தவிர்த்தல் வேண்டும். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் தலம் அமைந்த ஊரில், கந்தசஷ்டி விரதத்தைக் கைவிடுமாறு கூறுவது எளிதன்று. ஆயினும் ஓரிரவுப் பட்டினியே மூன்று நாட் பட்டினியாகும் உடலுக்கு ஆறு நாள் உபவாசம் எத்துணைக் கேடாகுமென்பதை, ஊர்வழக்கறிந்த ஒருவர் நோயாளரின் மொழியிலேயே எடுத்துரைத்தல் வேண்டும். வேற்றூரில் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் அதனைச் செய்யாது.

உணவும் பயிற்சியும் மாற்றீரலுக்கு ஈடாகா. உணவுக்குழாய் நாளங்கள் புடைத்தோரும் மயக்கம் கண்டோரும் மருத்துவர் ஆய்ந்தபின்னரே பயிற்சி தொடங்கற்பாலர். எனினும், ஈரல் கிடைக்கும் நாளில் அதனைத் தாங்கும் வலு உடலில் இல்லையேல் காத்திருந்த காலமனைத்தும் வீணாகும். அந்த வலு வீட்டின் அடுக்களையிலும் முற்றத்திலும் ஈட்டப்படுவது. தலைநகருக்கு அண்மையில் வாழ்வோர்க்கு மட்டுமன்றி, படுவான்கரையில் வாழ்வோர்க்கும் அதனை ஈட்டும் வழியைக் காட்டுவது சுகாதாரத் துறையின் கடனாகும்.