பரணில் விட்ட பெட்டி

வீடு மாறியிருக்கிறீர்களா? கடைசிச் சாமானையும் லாரியில் ஏற்றிய பிறகு, பழைய வீட்டுப் பரணில் ஒரு பெட்டி தங்கிவிடும். கல்யாண ஆல்பம் அதில்தான் இருக்கும். பரண் காலி என்று நினைத்து யாராவது கூட்டிப் பெருக்கிவிட்டால்?

2018 அக்டோபரில் பல கம்ப்யூட்டர்களில் இதுதான் நடந்தது. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

1970-களின் தொடக்கம். அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்ட காலம். ஆளுக்கொரு இடம் வேண்டுமே? 'யூசர்' என்பதைச் சுருக்கி, 'யுஎஸ்ஆர்' என்றொரு டைரக்டரி வைத்தார்கள். அதற்குள் தாம்ப்ஸனுக்கு ஓர் அறை, ரிட்சிக்கு ஓர் அறை. அன்றைய டிஸ்க்கோ தம்மாத்துண்டு. இடம் போதாமல் சிஸ்டத்தின் புரோகிராம்களும் யுஎஸ்ஆர் திண்ணையில் வந்து உட்கார்ந்தன. அப்புறம்? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான்! பின்னால் வந்த யுனிக்ஸ்களில் யூசர்கள் 'ஹோம்' என்ற புது வீட்டுக்குக் குடிபோனார்கள். யுஎஸ்ஆர் என்ற பெயர்ப்பலகை இன்றும் லினக்ஸில் தொங்குகிறது. உள்ளே இருப்பது வேறு ஆள்!

விண்டோஸ் கதை வேறு மாதிரி. 1996-ல் வந்த என்டி 4, நம் சாமான்களைத் தன்னுடைய சிஸ்டம் ஃபோல்டருக்குள்ளேயே 'ப்ரொஃபைல்ஸ்' என்று வைத்திருந்தது. விண்டோஸ் 2000 அதை வெளியே எடுத்து 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்றது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா 'யூசர்ஸ்' என்று சுருக்கியது. அறை மாறியதே தவிர, வீடு அதே சி டிரைவ்தான்.

அதில்தான் வில்லங்கம். விண்டோஸ் படுத்துவிட்டால் ரிப்பேருக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" நாமும் தலையாட்டுவோம். சி-யில் இருந்த குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ அதோடு போச்சு. அதனால்தான் விவரமானவர்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றினார்கள். ப்ராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்', அதில் 'மூவ்'. அவ்வளவுதான். அப்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: பழைய இடத்து ஃபைல்களையும் கொண்டுபோகட்டுமா? 'நோ' என்று சொன்னால் விலாசம் மட்டும் மாறும். ஃபைல்கள் பரணிலேயே கிடக்கும்.

இப்போது 2018-க்கு வருவோம். அப்படி வீடு மாறியவர்களின் கம்ப்யூட்டரில் பழைய ஃபோல்டர்கள் காலியாக நின்று குழப்புவதாகப் புகார். சரி, துடைத்துவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. அக்டோபர் 2-ம் தேதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட் அந்த வேலையைச் செய்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமலே செய்தது! விட்டுப்போன ஃபைல்களும் சேர்ந்து அழிந்தன. சில நாட்களிலேயே அப்டேட்டை நிறுத்தினார்கள். பத்தாயிரத்தில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் புகார் வந்தது என்றது மைக்ரோசாஃப்ட். சோதனைக் கட்டத்திலேயே சிலர் எச்சரித்திருந்தார்கள், அது கவனிக்கப்படவில்லை. கோளாறைச் சரிசெய்து நவம்பர் 13-ம் தேதி மறுபடி வெளியிட்டார்கள்.

பத்தாயிரத்தில் ஒன்று. கணக்கில் ரொம்பச் சின்ன எண். அந்த ஒன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டராக இருந்தால்?

ஆகவே, மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் ஒரு காப்பி எடுத்துவிட்டு மாற்றுங்கள். பிறகு இரண்டு பக்கமும் ஃபைல்களை எண்ணிப் பாருங்கள். பற்றும் வரவும் டேலி ஆகவேண்டும். இன்னொன்று... சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகத் தடுத்த அறைகள்தான். டிஸ்க்கே செத்தால் இரண்டும் போகும். வெளியே ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், பரணை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.