பார்க்கிறவனுக்குப் பங்கு உண்டா?

சினிமாக் கொட்டகையில் படம் பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்துவிடுகிறோம். கடையில் வாங்கிய சோப்பு நுரைக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்குகிறோம். ஆனால், தான் கொண்டாடுகிற கால்பந்துக் கழகம் பத்து வருஷம் தொடர்ந்து தோற்றாலும், பதினோராவது வருஷமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நின்று தொண்டை கிழியக் கத்துகிறானே ஒருவன், அவனை வாடிக்கைக்காரன் என்று சொல்லிவிட முடியுமா? சொந்தக்காரன் என்று சொல்லலாமென்றாலோ, அதற்குக் கையில் பத்திரம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்த மனிதனைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேச உத்தேசம்.

நான் பந்தாட்டக்காரன் அல்ல. பள்ளிக்கூடத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே ஓடுகிற பந்தைப் பொறுக்கிக் கொடுத்ததோடு என் கால்பந்துப் பெருமை முடிந்தது. இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்ததற்குச் சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனதுதான் காரணம். செம்பட்டியைத் தாண்டி மலையைப் பார்த்துக்கொண்டே போனால் வருகிற ஊர். தென்னையும் நெல்லும் பள்ளிவாசல் மினாராவுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பிரியாணி முடிந்து பந்தலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். ஒருவர் எழுபதைத் தாண்டிய ராவுத்தர். தோல் வியாபாரத்தை ஒட்டி இளமையில் சில வருஷம் கல்கத்தாவில் இருந்தவர். மற்றவர் அவருடைய தங்கை மகன். கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை.

"இந்தியாவுக்கே சாம்பியன் ஆன டீம், மாமா. ரெண்டே வருஷத்துல இருந்த இடம் தெரியாமப் போயிருச்சு. யார்கிட்டப் போய்க் கேக்கறது?" என்றார் மருமகன்.

"டிக்கெட் வாங்கினே, ஆட்டம் பாத்தே. அதோட கணக்குத் தீந்துச்சு. நீ என்ன அதுல மெம்பரா, போய்க் கேக்கறதுக்கு?" என்றார் மாமா.

மருமகன் சொன்னது சென்னை சிட்டி கழகத்தைப் பற்றி. அதன் கதை சுவாரஸ்யமானது. 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரோடு சென்னையில் பிறந்தது. பிற்காலத்தில் கை மாறிப் பெயர் மாறி, 2016-17இல் ஐ-லீக் என்னும் தேசியப் போட்டியில் இடம்பிடித்தது. அடுத்த பருவம் ஜாகையைக் கோயமுத்தூருக்கு மாற்றிக்கொண்டது. பெயரில் சென்னை, இருப்பது கோவை! ஆனாலும் கொங்கு நாட்டு ஜனங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தங்கள் அணியென்றே எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியளிக்க, பெத்ரோ மான்ஸி 21 கோல் அடிக்க, 2018-19 பருவத்தில் அந்த அணி பட்டத்தை நெருங்கியது. கடைசி நாள் 2019 மார்ச் 9. ஜெயித்தால் பட்டம், வழுக்கினால் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கொண்டுபோய்விடும். நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் முதலில் ஒரு கோல் போட்டது. பிறகு நம்மவர்கள் மூன்று போட்டார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தமிழ்நாட்டுக் கழகம் ஐ-லீக் பட்டம் வென்றது. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் கழகம் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியதும் அந்த வருஷத்தில்தான். 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக் அட்டவணையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

"நானெல்லாம் ராத்திரி ஷிஃப்டை மாத்தி வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன், அண்ணே. ஒரு கூட்டம் கூட்டி, இன்ன காரணம், எங்களால முடியலைன்னு எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று அந்த இளைஞர் என்னைப் பார்த்துக் கேட்டார். மாமா விடவில்லை. "கல்கத்தாவுல அப்படி முடியாது தம்பி. அங்கே கிளப்புன்னா மெம்பருங்கதான்" என்றார்.

பெரியவர் சொன்னதில் முக்கால் பங்கு வாஸ்தவம். கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களும் சந்தா கட்டும் அங்கத்தினர்களின் சங்கங்களாகப் பிறந்தவை. மோகன் பகான் 1889இல் தொடங்கியது. 1911 ஜூலை 29ஆம் தேதி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில், ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் பூட்ஸ் இல்லாத காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்து அணியை 2-1 என்று தோற்கடித்தார்கள். வெள்ளைக்காரனை அவனுடைய ஆட்டத்திலேயே ஜெயித்த அந்தச் சாயங்காலத்தைப் பற்றி வங்காளிகள் இன்னும் பேசி முடித்தபாடில்லை. முகம்மதன் ஸ்போர்ட்டிங் 1891இல் பிறந்தது. 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் வரிசையாகக் கல்கத்தா லீகை வென்று, 1940இல் டூரண்டு கோப்பையைப் பெற்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. நம் ராவுத்தர் அந்தக் கழகத்தின் பக்தர் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவதான ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே ஒரு கோபத்தில்தான். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜோராபகான் அணி சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. அந்த அணியின் நிர்வாகத்திலிருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்டு முதல் தேதி புதுக்கழகம் தோன்றிவிட்டது. தேசப் பிரிவினைக்குப் பின் வீடு வாசலை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கு, இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்தக் கழகம் எதுவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1950ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த அணியின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமத் கான், சாலே ஐவரும் தென்னாட்டிலிருந்து போனவர்கள். பஞ்ச பாண்டவர்கள் என்று வங்காளிகள் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த அபிமானத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1980 ஆகஸ்டு 16ஆம் தேதி ஈடன் கார்டன்ஸில் இரு கழகத்தாரும் மோதியபோது கலவரத்தில் 16 பேர் இறந்தார்கள். அங்கத்தினர் என்ற சீட்டு ஒருவனை அறிவாளியாக்கிவிடாது.

பெரியவர் சொன்னதில் விட்டுப்போன கால் பங்கு இனிமேல்தான் வருகிறது. பந்தாட்டத்துக்குப் பணம் மேலும் மேலும் வேண்டியிருந்தது. சந்தாப் பணம் அதற்குக் காணவில்லை. 1998இல் ஒரு மதுக் கம்பெனி வந்து, மோகன் பகானுக்கு முன்னால் மெக்டவல் என்றும், ஈஸ்ட் பெங்காலுக்கு முன்னால் கிங்ஃபிஷர் என்றும் தன் சரக்குகளின் பெயரை ஒட்டியது. பரம வைரிகளான இரு கழகங்களுக்கும் ஒரே முதலாளியின் பணம்! ஜனங்கள் முணுமுணுத்தார்களே தவிர, பெரிதாக எதுவும் செய்யவில்லை.

2020இல் வந்தது வேறு மாதிரி. 2014இல் ஐ.எஸ்.எல். பந்தயத்துக்கென்று உருவாக்கப்பட்ட ஏ.டி.கே. என்ற அணி கல்கத்தாவில் இருந்தது. அதன் முதலாளிகள் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதத்தை வாங்குவதாக ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. அந்தப் பருவம் ஐ-லீக் பட்டம் வென்றதும் மோகன் பகான்தான். வென்ற கையோடு அதன் பெயர் ஏ.டி.கே. மோகன் பகான் ஆகிவிட்டது. பச்சையும் மெரூனும் கலந்த சட்டை அப்படியே இருந்தது. பாய்மரப் படகுச் சின்னமும் இருந்தது. பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து, அவ்வளவுதான். அந்த மூன்று எழுத்துக்காக மூன்று வருஷம் சண்டை நடந்தது. ஊர்வலம், பதாகை, பகிஷ்காரம். ஆட்டத்துக்குப் போகாமல் நின்றவர்களும் உண்டு. ஆட்டத்துக்குப் போய் எதிர்ப்பைக் காட்டியவர்களும் உண்டு. 2023 மார்ச் 18ஆம் தேதி கோவாவில் பெங்களூரை வென்று அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய இரவில், முதலாளி சஞ்சீவ் கோயங்கா அந்த மூன்று எழுத்தையும் எடுத்துவிடுவதாக அறிவித்தார். முன்னால் இருந்ததை எடுத்துவிட்டுப் பின்னால் 'சூப்பர் ஜெயண்ட்' என்று தம்முடையதைச் சேர்த்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்! 80 சதவீதம் அவரிடமே இருந்தது. 'பெயர்தானே கிடைத்தது?' என்று கேட்கலாம். பெயரைக் கேட்கத்தான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஈஸ்ட் பெங்காலில் நாடகம் வேறு. 2020இல் ஒரு சிமெண்டுக் கம்பெனி பணத்தோடு வந்தது. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அங்கத்தினர்களின் உரிமை போய்விடும் என்று கழகத்து நிர்வாகிகள் மறுத்தார்கள். 2021 ஜூலை 21ஆம் தேதி கழகக் கூடாரத்தின் முன் ரசிகர்கள் திரண்டார்கள். கையெழுத்துப் போடு என்றது ஒரு கட்சி. போடாதே என்றது இன்னொரு கட்சி. போலீஸார் தடியடி நடத்திக் கலைத்தார்கள். நிர்வாகிகள் காப்பாற்றியது அங்கத்தினர்களின் உரிமையையா, தங்கள் நாற்காலியையா என்று கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். சங்கங்களோடு கொஞ்சமாவது பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகத்தின் நியாயம் புரியும். மறு வருஷம் சிமெண்டுக் கம்பெனி விலகிக்கொண்டது. வேறொரு கம்பெனி வந்தது.

அப்படியானால் ரசிகர்களே கழகத்தை முழுசாக வாங்கி நடத்திவிட்டால் என்ன? இங்கிலாந்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு கால்பந்துக் கழகமும் உண்டு. சின்னக் கழகந்தான், 1988இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வாங்கி நாட்டையே திகைக்க வைத்தது. அதன் முதலாளிகள் கழகத்தைச் சுமார் 60 மைலுக்கு அப்பால் மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்துக்குக் கொண்டுபோக 2002 மே மாதம் அனுமதி வாங்கிவிட்டார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஒரு டிரஸ்டு அமைத்தார்கள். ஊர்ப் பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம்! ஒன்பதாம் படியிலிருந்த ஒரு வட்டார லீகில் தங்கள் புதுக் கழகத்தைச் சேர்த்தார்கள். ஒன்பது வருஷத்தில், 2011இல், தேசிய லீகுக்கே ஏறிவிட்டார்கள். நடுவில் 2007இல், பழைய கழகம் வென்ற கோப்பைகளின் பெருமை விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் பேட்டைக்கே திரும்பி வந்தது. பழைய மைதானம் இருந்த பிளௌ லேன் தெருவில் புது மைதானம் கட்டும்போது பணம் முட்டியது. வெளியாரிடம் பங்கை விற்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்கள் கடன் பத்திரமாக 50 லட்சம் பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். 2020 நவம்பர் 3ஆம் தேதி முதல் ஆட்டம் நடந்தது. கொரோனாக் காலம். மைதானத்தின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க, காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆட்டம் சமமாக முடிந்தது.

இதைக் கேட்டு உருகிவிட வேண்டாம். போர்ட்ஸ்மத் கழகம் 2008இல் எஃப்.ஏ. கோப்பை வாங்கி, பிறகு கடனில் மூழ்கி, நாலாம் படிக்கு இறங்கியபோது, 2013இல் ரசிகர்களின் டிரஸ்டு அதை வாங்கிக் கரையேற்றியது. நாலே வருஷத்தில், 2017இல், அதே ரசிகர்கள் வோட்டுப் போட்டு ஓர் அமெரிக்கப் பணக்காரருக்கு விற்றார்கள். மேலே ஏற வேண்டும், அதற்குத் தங்கள் பணம் போதாது என்பது அவர்கள் கட்சி. நம் வ.உ.சி. 1906இல் 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு என்று ஊர் ஊராகப் பேசித் திரட்டிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஞாபகத்துக்கு வருகிறது. அவர் சிறையில் இருந்தபோது கம்பெனி மூழ்கியது. கப்பலும் போட்டிக் கம்பெனியின் கைக்கே போயிற்று. பலருடைய சொத்து என்றால் விற்கவும் பலர் சம்மதிப்பார்கள். ஆனால் போர்ட்ஸ்மத் காரர்களை ஒருவர் கேட்டார், அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தக் கேள்வி கோயமுத்தூரில் யாரிடமும் கேட்கப்படவில்லை.

நடுவழி ஒன்றையும் ஜெர்மானியர்கள் கண்டுபிடித்தார்கள். 1998இல் கழகங்கள் கம்பெனிகளாகலாம் என்று அனுமதித்தபோதே, வோட்டில் பாதிக்கு மேல் அங்கத்தினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பணம் போடுகிறவர் பணம் போடலாம். கழகத்தின் பெயரையும் ஊரையும் தம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தை என்று நான் ஒப்ப மாட்டேன். கூட்டுறவுச் சட்டம் வந்த 1904ஆம் வருஷமே திருவல்லிக்கேணியில் சாதாரணக் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் சேர்ந்து பண்டகசாலை ஏற்படுத்தியவர்கள்தாம் நாம். சித்தையன்கோட்டைப் பக்கத்திலேயே பாருங்கள்: குடகனாற்றுத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்பதில் ஊருக்கு ஊர் தகராறு உண்டு. ஆனால் கடைமடைக்காரனுக்குக் கேட்க உரிமை இல்லை என்று தலைமடைக்காரன்கூடச் சொல்ல மாட்டான். விளையாட்டுக்கு வரும்போது மட்டும் அந்தப் பழக்கம் நமக்கு மறந்துவிடுகிறது. 2016இல் தொடங்கிய கிரிக்கெட் பந்தயத்தில் திண்டுக்கல் டிராகன்ஸ் என்று ஓர் அணி உண்டு. 2024இல் கோப்பையும் வாங்கியது. திண்டுக்கல்காரர்களுக்குச் சந்தோஷந்தான். நாளைக்கு அந்த அணிக்கு வேறு ஊரின் பெயரை வைத்தால், ஏனென்று கேட்க எந்தப் பதிவேட்டிலும் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

கோயமுத்தூர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஐயாயிரம் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்திருந்தாலும் 50 லட்சம். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், விமானச் செலவு, மைதான வாடகை என்று பார்த்தால் தேசிய லீகில் ஒரு பருவத்துக்குக் காணாது. பணத்தால் அவர்கள் கழகத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் ஐயாயிரம் பெயர் எழுதிய நோட்டு ஒன்று இருந்திருந்தால், கதவைச் சாத்துவதற்கு முன் யாராவது ஒருவர் அந்த ஐயாயிரம் பேருக்குக் கார்டு போட்டிருப்பார். சின்ன லீகிலாவது பழைய நேதாஜி பெயரை வைத்துக்கொண்டு ஆடலாம் என்று ஒருவன் எழுந்து சொல்லியிருப்பான்.

2025இல் சென்னைக்கும் சோதனை வந்தது. ஐ.எஸ்.எல். பந்தயத்தை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபறியாகி, பருவம் தொடங்குமா என்பதே தெரியாமல் போயிற்று. 2015இலும் 2017-18இலும் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி., ஆகஸ்டு மாதம் தன் முதல் அணியின் பணிகளை நிறுத்திவைப்பதாக ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்வதைத் தவிர, பத்து வருஷத்துக்கு மேலாக நேரு ஸ்டேடியத்தில் நின்று கத்தியவர்களுக்கு அந்த முடிவில் வேலை எதுவும் இருக்கவில்லை.