அலுமினிய டிக் வெல்டிங்

ஆர்கான் வாயுவின் காப்பில், உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்வில்லால் அலுமினியத்தை இணைக்கும் முறை. பட்டறைகளில் இதற்கு ஆர்கான் வெல்டிங் என்றே பெயர். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித், மக்னீசியத்தை இணைக்க ஹீலியத்தைக் கொண்டு இதை உருவாக்கினார்.

சிக்கல் உலோகத்தில் இல்லை, அதன் மேல்தோலில் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதைப் போர்த்திய ஆக்சைடு படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். இதனால் மாறுதிசை மின்னோட்டம் (ஏசி) தேவைப்படுகிறது. டங்ஸ்டன் நேர்முனையாகும் அரைச்சுற்றில் படலம் சிதறுகிறது; எதிர்முனையாகும் அரைச்சுற்றில் வெப்பம் உலோகத்துக்குள் இறங்குகிறது. நேர்முனைப் பங்கைக் கூட்டினால் துப்புரவு கூடும், ஆனால் டங்ஸ்டன் முனை உருண்டுவிடும். கேட்டும் கிரில்லும் பற்றவைக்கும் சாதாரண ஆர்க் இயந்திரம் இந்த வேலைக்கு ஆகாது.

பற்றவைக்கும் முன் அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். ஈரமும் பிசுக்கும் தரும் ஹைட்ரஜனே பற்றில் நுண்துளைகளுக்கு முதற்காரணம். நிரப்புக் கம்பியாகச் சிலிக்கன் கலந்த 4043, மக்னீசியம் கலந்த 5356 ஆகியவை வழக்கம்.

இரும்பைப்போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. திடீரென ஓட்டை விழும். புதியவர்களை அதிகம் படுத்துவது இதுதான். முடிவில் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்காவிட்டால் கடைசிக் குழியில் விரிசல் விடும்.

தமிழ்நாட்டில் பற்றவைப்பு ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பெயர்பெற்ற இடம், திருச்சிராப்பள்ளி பெல் வளாகத்திலுள்ள பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம்.