நவாலித் தேவாலயத்துக்கு அந்தச் சனம் ஏன் ஓடிப் போனது?

கொஞ்சம் நீண்ட பதிவு இது. ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள்.

போன கிழமை தரம் பத்து வரலாற்றுப் பாடம். ஒல்லாந்தர் காலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பேச்சு எப்படியோ நவாலிக்குப் போய்விட்டது. பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், நவாலிச் சேர்ச்சில குண்டு விழேக்க செத்தவை எல்லாரும் வேதக்காரரே?"

"இல்லை, சைவக்காரரும் நிறையப் பேர்" என்றேன்.

"அப்ப அவை ஏன் சேர்ச்சுக்குப் போனவை?"

மணி அடித்துவிட்டது. பதில் சொல்லாமலே வகுப்பை விட்டு வந்தேன். உண்மையில் மணி அடித்தது நல்லதாகப் போயிற்று. சரியான பதில் என்னிடம் உடனே இருக்கவில்லை. இந்தப் பதிவு அவனுக்கான பதில்தான். உடுவிலில் இருந்து மானிப்பாய் வழியாக நவாலிக்குச் சைக்கிளிலேயே போய்வரலாம். இவ்வளவு பக்கத்து ஊரின் கதையைக்கூட நாங்கள் திகதியாக மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் "முன்னேறிப் பாய்தல்" என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வலிகாமத்தின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த சனம் செல்லடிக்குத் தப்பி, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தெற்குப் பக்கமாக வந்தது. வந்தவர்களில் பெருந்தொகையானோர் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும், அருகிலிருந்த சின்னக்கதிர்காம முருகன் ஆலயத்திலும் தங்கினார்கள். நடந்து களைத்து வந்தவர்களுக்கு ஊர்ச்சனம் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டிருந்தது. பின்னேரம் விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றிருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரில் நடக்கும் நினைவேந்தல்களில் 147 என்று சொல்லப்படுகிறது. உதவி செய்துகொண்டு நின்ற கிராம சேவகர்களும் அதற்குள் இருந்தார்கள். காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் இரவிரவாக யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் காலையிலும் உடல்கள் இடிபாடுகளுக்குள் கிடந்தன.

இது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது குண்டைப் பற்றி அல்ல. குண்டு விழ முதல் நடந்ததைப் பற்றி. சைவ வீட்டுப் பெண் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் கோயில் அல்லாத ஒரு கோயிலின் வாசலுக்கு ஏன் போனாள்? அந்த வாசலில் "நீ யார்" என்று கேட்க மாட்டார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்படிப்பட்ட நம்பிக்கை ஒரு நாளில் வராது. அதற்குப் பின்னால் முந்நூறு வருடக் கதை இருக்கிறது.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள். குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று அதே வருடம் கட்டளை போட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் இங்கே குருவானவர் இல்லை. 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குருவானவர் கூலிக்காரன் வேடத்தில் வந்து சேர்ந்தார். கடற்பயணத்தில் பட்டினி கிடந்து, வயிற்றுளைவு நோயோடு யாழ்ப்பாணத்தில் விழுந்து கிடந்தவருக்கு ஓர் ஏழைப் பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு. அப்படித்தான் தன் சனத்தைக் கண்டுபிடித்தார். எங்களுக்குப் பக்கத்துச் சில்லாலைதான் அவர் தங்கிப் பணி செய்த ஊர்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். இந்த மண்ணில் கத்தோலிக்கம் மறுபடி எழும்பிய கதை ஒரு குருவானவர் பிச்சை கொடுத்ததில் தொடங்கவில்லை. பிச்சை வாங்கியதில் தொடங்குகிறது. வாங்கிச் சாப்பிட்டவனுக்குத்தான் கொடுக்கும்போது எதிரில் நிற்பவனின் கூச்சம் தெரியும்.

அதே வாஸ் பின்னர் கண்டிக்குப் போனார். 1697 இல் அங்கே வைசூரி பரவியபோது, நோய்க்குப் பயந்து சொந்த வீட்டார்களே நோயாளிகளைக் கைவிட்டார்கள். வாஸும் அவருடைய மருமகனான இன்னொரு குருவானவரும் குடிசை போட்டு அவர்களைப் பராமரித்தார்கள். நோயாளிகள் பெரும்பாலும் பௌத்தர்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வைத்து வாஸைப் புனிதராக அறிவித்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. 1847 இன் கடைசியில் அமலமரித் தியாகிகள் சபையார் இலங்கைக்கு வந்தார்கள். 1862 இல் திருக்குடும்பக் கன்னியர்கள் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார்கள். பள்ளிக்கூடங்களோடு அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லங்களும் வந்தன. வாந்திபேதி ஊர் ஊராக ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது.

வரலாறு படிப்பிப்பவன் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது. அந்தக் காலத்து உதவிகள் எல்லாம் களங்கம் இல்லாதவை என்று நான் சொல்ல மாட்டேன். மிஷனரிமாரின் பள்ளிக்கூடமும் மருந்தும் மதம் மாற்றத்தான் என்று சைவப் பெரியவர்கள் குற்றம் சாட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. புரட்டஸ்தாந்தருக்கும் கத்தோலிக்கருக்கும் நடுவிலும் கடும் போட்டி. ஆனால் அந்தப் போட்டியால் ஒரு நன்மையும் விளைந்தது. 1870களின் பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் பணம் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். பக்கத்து மதத்தவன் பசித்தவனுக்குக் கொடுக்கும்போது நாங்கள் சும்மா இருக்கலாமா என்ற கேள்வி எல்லாருக்கும் வந்தது. குர்ஆனும் நன்மையான காரியங்களில் ஒருவரை ஒருவர் முந்திக்கொள்ளத்தான் சொல்கிறது.

இனி, என் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம். கத்தோலிக்க ஊர்களில் "வின்சன் டி போல் சபை" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் அது சுவாமிமாரின் சபை என்று நினைக்கிறார்கள். இல்லை. அது சாதாரண ஆட்களின் சபை. 1833 இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது பல்கலைக்கழக மாணவன் நண்பர்களோடு தொடங்கியது. முந்திய வருடம்தான் பாரிசில் வாந்திபேதியில் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். "உங்கள் சமயம் முன்பு நல்லது செய்திருக்கலாம், இப்போது ஏழைக்கு என்ன செய்கிறது?" என்று சக மாணவர்கள் ஏளனமாகக் கேட்டார்கள். அவன் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. தன்னிடம் குளிருக்கு மிஞ்சியிருந்த விறகை ஓர் ஏழை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

அந்தச் சபை நடக்கும் முறையைப் பாருங்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒரு சிறு குழு. கிழமைக்கு ஒருதரம் கூடுவார்கள். கூட்டத்தில் ஒரு பை கைமாறும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பிறகு இரண்டு இரண்டு பேராகக் கஷ்டப்பட்ட வீடுகளுக்குப் போவார்கள். வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பது இல்லை, வீட்டுக்குப் போய்க் கொடுப்பது. அந்த வீட்டின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது. அந்த வீட்டார் எந்தச் சமயம் என்பது உதவிக்கு நிபந்தனையும் இல்லை.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று எங்கள் நபி (ஸல்) அவர்களும் சொன்னார்கள், அவர்களுடைய வேதத்திலும் இருக்கிறது. அரிசிப் பைக்குப் பக்கத்தில் விதவைத் தாயை நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுகிற இந்தக் காலத்தில், இந்த இரகசியப் பை எங்கள் எல்லாருக்கும் ஒரு பாடம். ஸதகாவைக் கமெராவுக்கு முன்னால் கொடுக்கிற எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. கத்தோலிக்கர் தங்கள் ஊர்ப் பிரிவைப் "பங்கு" என்கிறார்கள். பங்குத்தந்தை, பங்குமக்கள். தமிழில் பங்கு என்றால் எனக்கு உரியது மட்டுமல்ல, மற்றவனுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதும்தான். பங்குக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். போர்க்காலத்தில் நிவாரணம் வந்தபோது, கியூடெக் போன்ற பெரிய அமைப்புகளின் அரிசியும் பாயும் ஊர்களுக்குள் இறங்க இந்தப் பங்கு அமைப்பு உதவியது. வீடுகளைத் தெரிந்த ஆட்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பெண் தேவாலயத்துக்குப் போனது மதிலும் கூரையும் பலமாக இருந்ததால் மட்டும் அல்ல. அந்தப் படலைக்குள் யாராவது ஒரு செம்பு தண்ணீரோடு நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் முருகன் கோயிலும் அப்படித்தான் திறந்து இருந்தது. குண்டும் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போக விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. சோனகதெருவிலிருந்து புத்தளத்துக் கொட்டிலுக்குப் போனோம். பக்கத்து வீட்டு அன்ரி அழுதது ஞாபகம் இருக்கிறது. தடுக்க அவர்களால் முடியவில்லை. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், உடுவில் உட்பட வலிகாமமே ஒரே இரவில் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கான சனம். செய்தியை வானொலியில் கேட்ட வாப்பா கனநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சனம் எங்க போய்ப் படுக்கும்?" என்று மட்டும் கேட்டார். எங்களைத் துரத்திய ஊர் என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. பாடசாலைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும்தான் அந்தச் சனம் படுத்தது என்று இங்கே திரும்பி வந்த பிறகு அறிந்தேன்.

2019 ஏப்ரல் 21 ஐயும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் அல்ல. உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபட வந்தவர்களைக் கொன்றவர்கள் என் மார்க்கத்தின் பெயரைச் சொன்னவர்கள். அடுத்த நாள்களில் தெருவில் ஒரு கத்தோலிக்க நண்பரைக் கண்டால் எனக்குத் தலை குனிந்தது. மே மாதம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, முஸ்லிம்கள் மேல் கை வைக்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். காயப்பட்ட சமூகத்தின் தலைவர் சொன்ன சொல் அது. அதை நான் மறக்கவில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். 1995 ஜூலையில் நவாலியில் தண்ணீர் கொடுத்தவர்கள், அன்றிரவு காயக்காரரைத் தூக்கியவர்கள், ஒக்டோபரில் தென்மராட்சியில் வீட்டைத் திறந்து விட்டவர்கள் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். வயது போய்க்கொண்டிருக்கிறது. இறந்தவர்களின் பெயர் நினைவுத்தூபியில் இருக்கும். கஞ்சி காய்ச்சியவர்களின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் வீட்டு அப்பப்பா, அம்மம்மாவிடம் ஒரு பின்னேரம் இருந்து கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தச் சமயம் என்று பார்க்காமல் எழுதுங்கள்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தவணை வேலை அதுதான். இன்ஷா அல்லாஹ், நானும் அவர்களோடு சேர்ந்து நவாலிக்குப் போவேன்.