கை எட்டாத தாழ்ப்பாள்

1890-இல் லயல், லெத்பிரிட்ஜ் என்ற இரு அதிகாரிகள் அந்தமானைப் பார்த்துவிட்டுக் கொடுத்த அறிக்கையைப் பற்றிச் சென்ற வாரம் சொன்னேன். நாடு கடத்தினால் மட்டும் கைதிகள் அடங்கமாட்டார்கள், வந்து இறங்கியதும் சில மாதம் தனிமையில் பூட்டிவைக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். அந்த யோசனைதான் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையாக எழுந்தது. 1896-இல் தொடங்கிய வேலை 1906-இல் முடிந்தது. கட்டியவர்களும் கைதிகளே.

இன்று அங்கே போகிறவர்கள் ஒலி-ஒளிக் காட்சிக்கு முன், ஏதாவது ஓர் அறைவாசலில் சற்று நேரம் நிற்க வேண்டும். கம்பிக் கதவின் நீண்ட தாழ்ப்பாள் கதவோடு முடிவதில்லை. பக்கத்துச் சுவரில் குடைந்த மாடத்துக்குள் போகிறது. பூட்டு அங்கேதான். உள்ளேயிருந்து எவ்வளவு எக்கினாலும் விரல் படாது. அறை பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். காற்றுக்கு, தலைக்கு மேல் உயரத்தில் சின்னத் திறப்பு. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் பிரிந்தன. ஒவ்வொன்றின் முன்பக்கமும் அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள். கிட்டத்தட்ட 700 அறைகள். எதிரில் ஒரு மனித முகம்கூடத் தெரியாது. அடியையும் பசியையும்விட இந்த ஏற்பாட்டைத்தான் நான் கொடுமை என்பேன். நிதானமாக உட்கார்ந்து வரைபடம் போட்டுச் செய்த கொடுமை இது.

அருங்காட்சியகத்தில் சாக்குத் துணி உடை, கால்விலங்கு, செக்கு எல்லாம் உண்டு. மாடு சுற்ற வேண்டிய செக்கை மனிதர்கள் சுற்றினார்கள். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டியாக வேண்டும்; குறைந்தால் தண்டனை.

ஆனாலும் முகம் பார்க்கவிடாமல் பிரித்துவைக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 1933 மே மாதம் உண்ணாவிரதம் தொடங்கியது. பலவந்தமாகப் பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் மாண்டார்கள். அதன்பிறகே அறைக்கு விளக்கும் படிக்கப் புத்தகமும் கிடைத்தன. 1937-இல் மறுபடியும் பட்டினி கிடந்தார்கள். 1938 தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் தாய்நாடு திரும்பினார்கள்.

இப்போது எஞ்சியிருப்பவை மூன்றே கிளைகள். சுதந்திரத்துக்குப் பின் சில கிளைகள் இடிபட்டன; அந்த வளாகத்தில் மருத்துவமனை வந்தது. மிச்சத்தையும் இடிக்கவிடாமல் போராடியவர்கள் அதே அறைகளில் அடைபட்டுக் கிடந்த முன்னாள் கைதிகள். 1979 பிப்ரவரி 11-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறையைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கைதிகள் திரும்பியதற்கும் சுதந்திரத்துக்கும் இடையில், 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். அறைகள் மறுபடி நிரம்பின. அப்போது அடைபட்டவர்களில் ஒருவரான டாக்டர் திவான் சிங் இங்கே பட்ட சித்திரவதையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)