பழுதுபார்த்தலும் வரலாறும்: தலிலின் புகையிரதப் பாதையின் படிப்பினை

வரலாற்றுச் சின்னமொன்றைப் பேணுதல் என்பது பெரும்பாலும் அதனைப் பயன்பாட்டினின்றும் விலக்கி, சிதையாது காத்தலையே குறிக்கின்றது. நீராவி எஞ்சினுக்கோ இம்முறை முற்றாகப் பொருந்துவதில்லை. ஓடாத எஞ்சின் தன் தொழிலை உணர்த்தாது. ஓடும் எஞ்சின் தேயும். தேய்ந்த உறுப்பு மாற்றப்படல் வேண்டும். இம்முரண்பாட்டை முதன்முதலில் தொண்டர் உழைப்பின் துணையுடன் எதிர்கொண்டது, வேல்ஸ் நாட்டின் தலிலின் புகையிரதப் பாதையாகும்.

பிறின் எக்லூயிஸ் என்னும் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்பட்ட கூரைச் சிலேற்றுக் கற்களை டவின் என்னுங் கரையோர ஊருக்குக் கொண்டு செல்வதற்காகவே இப்பாதை தோன்றியது. 1865இல் சட்ட அங்கீகாரம் பெற்ற இதன் தண்டவாள இடைவெளி 2 அடி 3 அங்குலம் மட்டுமே. 1911இல் பாராளுமன்ற உறுப்பினரான ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் சுரங்கத்தையும் பாதையையும் வாங்கினார். 1946இன் இறுதியில் சுரங்கம் இடிந்து வீழ்ந்து மூடப்பட்டது. பாதைக்குரிய பொருளாதார அடிப்படையும் அத்துடன் அற்றுப்போயிற்று. எனினும், தாம் வாழும்வரை வண்டி ஓடும் என்ற வாக்கை ஜோன்ஸ் காப்பாற்றினார். 1948இல் பிரித்தானியப் புகையிரதங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது இச்சிறு பாதை சேர்க்கப்படவில்லை. அவ்வாறு விடுபட்டமையே பின்னர் இதன் நற்பேறாயிற்று.

1950 ஜூலையில் ஜோன்ஸ் காலமானார். அவ்வாண்டு ஒக்ரோபர் 11ஆந் திகதி, எழுத்தாளரும் பொறியியல் தொழில் பயின்றவருமான எல். ரி. சி. றோல்ற் முதலானோர் பேர்மிங்காம் நகரிற் கூட்டிய கூட்டத்தின் பயனாகப் பாதுகாப்புச் சங்கமொன்று உருவாயிற்று. 1951 மே 14ஆந் திகதி சங்கத்தின் பொறுப்பில் முதல் வண்டி புறப்பட்டது.

தொண்டர்கள் பெற்ற சொத்து அவர்களை மலைக்கச் செய்திருக்கும். பாதைக்கெனத் தொடக்கத்திற் செய்யப்பட்ட இரு எஞ்சின்களுள் 1866இல் உருவான டொல்கொக் மட்டுமே ஓடும் நிலையில் இருந்தது. சிலிப்பர் கட்டைகள் உக்கிப்போயிருந்தன. அயலிலிருந்த கோரிஸ் பாதை 1948இல் மூடப்பட்டிருந்தது; அதுவும் அதே அரிய இடைவெளியைக் கொண்டதாகையால், அதன் இரு எஞ்சின்களையும் சங்கம் வாங்கியது. ஆயினும் அவற்றுள் ஒன்று தடம் புரண்டது. தலிலின் தண்டவாளங்கள் உரிய அளவினும் சற்றே விரிந்திருந்தமையே காரணம். எஞ்சினைத் திருத்தினாற் போதாது, பாதையையே மீள இடவேண்டும் என்ற உண்மை இவ்வாறு புலப்பட்டது. வீட்டுத் தோட்டமொன்றில் கிடந்த கோரிஸ் பயணிகள் பெட்டியொன்றும் பின்னர் மீட்கப்பட்டுச் சேவைக்கு வந்தது.

கொதிகலனும் பிற உறுப்புகளும் காலந்தோறும் மாற்றப்பட்ட டொல்கொக், 1866ஆம் ஆண்டின் எஞ்சின்தானா என்ற வினா இங்கு எழுகின்றது. மூல இரும்பையே அளவுகோலாகக் கொள்வோர் ஐயுறுவர். ஆனால் நீராவி எஞ்சின் தொழிலில் இருந்த காலத்திலும் அதன் உறுப்புகள் மாற்றப்பட்டே வந்தன. பழுதுபார்த்தல் அதன் வாழ்வின் ஓர் அங்கம். எனவே இங்கு பேணப்பட்டவை பொருள்கள் மட்டுமல்ல. கொதிகலனில் அழுத்தம் அறிதல், நெருப்பை வளர்த்தல், தண்டவாளத்தை நேர்செய்தல் ஆகிய கைத்திறன்களும் பேணப்பட்டன. ஏட்டில் எழுதிவைத்தால் மட்டும் இவை வாழா. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறவேண்டும்.

எனினும் ஒரு வேறுபாட்டை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. விடுமுறையில் விரும்பி வந்து மண்வெட்டி பிடித்த தொண்டனின் உழைப்பும், வயிற்றுப்பாட்டுக்காகக் கல் வெட்டிய சுரங்கத் தொழிலாளியின் உழைப்பும் ஒன்றல்ல. புகை கக்கிச் செல்லும் வண்டியின் அழகு, அவ்வண்டி எதற்காக ஓடியது என்பதை எளிதில் மறைத்துவிடும். 2021இல் யுனெஸ்கோ வடமேல் வேல்ஸின் சிலேற்று நிலப்பரப்பை உலக மரபுரிமையாக ஏற்றபோது, பிறின் எக்லூயிஸ் சுரங்கமும் தொழிலாளர் கிராமமான அபர்கினொல்வினும் இப்பாதையும் ஒருங்கே அதனுள் அடங்கின. இதுவே முறையான நோக்காகும். எஞ்சினைத் திருத்திய கைகள் போற்றுதற்குரியன. அந்த எஞ்சின் இழுத்த கல்லை வெட்டிய கைகளையும் சேர்த்துச் சொல்லும்போதே அத்திருத்தம் வரலாறாக நிறைவுபெறும்.